எழுத்தாளர் பேட்டையில் வீடு வாடகைக்கு

மாட்ரிட் நகரத்தின் நட்டநடுவில், சோல் சதுக்கத்திலிருந்து காலாற நடந்தால் பத்து நிமிடத்தில் ஒரு பேட்டை வரும். பெயர் பார்ரியோ தே லாஸ் லெத்ராஸ். நம் வழக்கில் சொன்னால் எழுத்தாளர் பேட்டை. வீட்டுத் தரகர்கள் இந்தப் பேட்டையைப் பற்றித் தவறாமல் இரண்டு சொல்வார்கள். ஒன்று, அமைதியான இடம். இரண்டு, வரலாற்றுப் புகழ் வாய்ந்த இடம். தரகர் சொல்லும் இரண்டு ஒரே வீட்டில் சேர்ந்து உண்மையாக இருந்ததில்லை என்பது வீடு தேடி அலைந்த எல்லோருக்கும் தெரியும். இங்கே வரலாறு உண்டு. அமைதிக்குத்தான் செத்தவர்களைத் தேடிப் போகவேண்டும். அவர்களையும் 2015-இல் தோண்டி எழுப்பிவிட்டார்கள். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

ஸ்பெயின் இலக்கியத்தின் பொற்காலம் இந்த நாலைந்து தெருவுக்குள்தான் நடந்தது என்று பாடப்புத்தகம் சொல்லும். செர்வாந்தெஸ், லோப்பே தே வேகா, கெவெதோ, கோங்கோரா என்று நான்கு பேருமே கூப்பிடு தூரத்தில் குடியிருந்தார்கள். நான்கு மேதைகள் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தால் என்ன நடக்கும்? இலக்கியம் நடக்கும் என்று நினைப்பவர்கள் நான்கு குடித்தனம் இருக்கும் வளவில் ஒருநாளும் இருந்திருக்கமாட்டார்கள். என்னைக் கேட்டால் இந்தப் பேட்டையின் வரலாறு வாடகையின் வரலாறு. இலக்கியம் நடுநடுவே கிடைத்த ஓய்வில் எழுதியது.

தொடங்கி வைத்தவர் இரண்டாம் பிலிப் மன்னர். 1561-இல் அரசவையை மூட்டைகட்டி மாட்ரிட்டுக்குக் கொண்டுவந்தார். மன்னர் வந்தால் மந்திரி வருவார், மந்திரி வந்தால் கணக்கர் வருவார், கணக்கருக்கு மைத்துனன் ஒருவன் கட்டாயம் இருப்பான். இத்தனை பேரும் எங்கே படுப்பது? மன்னர் ஒரு வழி கண்டுபிடித்தார். இரண்டு மாடி வீடு வைத்திருப்பவர் பாதி வீட்டை அரசு ஊழியருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்றார். வாடகை கிடையாது. ராஜசேவை.

மாட்ரிட்காரன் எதிர்த்தானா? கலகம் செய்தானா? இல்லை. கொத்தனாரைக் கூப்பிட்டான். தெருவிலிருந்து பார்த்தால் ஒரே மாடி தெரியும்படியும், பின்பக்கம் கூரையைச் சாய்த்து இரண்டாம் மாடியை ஒளித்துவைத்தும் வீடு கட்டினான். சன்னல்களைத் தாறுமாறான உயரத்தில் வைத்தான், கீழே நின்று எண்ணுகிறவனுக்கு மாடிக்கணக்கு பிடிபடக்கூடாது என்று. பாதியாகப் பிரிக்கவே முடியாதபடி அறைகளைக் கோணல்மாணலாகப் போட்டவர்களும் உண்டு. இவற்றுக்கு அதிகாரிகளே வைத்த பெயர் 'காசா அ லா மாலீசியா'. கபட வீடு என்று வைத்துக்கொள்ளலாம். உலகத்தில் எத்தனையோ கட்டடக்கலைப் பாணிகள் உண்டு. வரி கேட்டு வருபவன் கண்ணில் மண்ணைத் தூவவே பிறந்த பாணியை நான் மற்றவற்றைவிடக் கொஞ்சம் உயர்வாக மதிக்கிறேன்.

நாற்பது வருடம் இப்படிப் போனது. ஊர் செழித்தது, மனை விலை ஏறியது. அப்போது மூன்றாம் பிலிப்பின் செல்லப்பிள்ளையாக லெர்மா பிரபு வந்தார். நம் ஊரில் வெளிவட்டச் சாலை எங்கே போகிறது என்று முன்கூட்டியே தெரிந்து நிலம் வாங்கிப்போடும் புண்ணியவான்கள் இருக்கிறார்கள் அல்லவா, அவர்கள் பூசைமாடத்தில் வைத்துக் கும்பிடவேண்டிய படம் இவருடையது. இவர் வய்யதோலித் நகரில் இடங்களை வாங்கினார். வாங்கி முடித்தபின், தலைநகரை வய்யதோலித்துக்கு மாற்றினால் நல்லது என்று மன்னருக்குத் தோன்றவைத்தார். 1601-இல் மொத்த அரசவையும் கிளம்பிப் போனது. மாட்ரிட்டில் வீட்டு விலை பாதாளத்துக்குப் போனது. லெர்மா இங்கேயும் கொஞ்சம் வாங்கிப்போட்டார். 1606-இல் தலைநகர் மாட்ரிட்டுக்கே திரும்பியது. திரும்பி வர மாட்ரிட் நகரம் மன்னருக்குத் தருவதாகச் சொன்ன தொகை 2,50,000 டூக்கட். அதுபோக வீட்டு வாடகையிலும் ஒரு பங்கு. ஒரு தலைநகர், ஐந்து வருடம், இரண்டு முறை பால் காய்ச்சினார்கள். இரண்டு முறையும் பால் லெர்மாவுக்கு. கடைசியில் காற்று எதிர்ப்பக்கம் அடிக்கத் தொடங்கியதும் 1618-இல் ரோமிலிருந்து கார்டினல் பட்டம் வாங்கிக்கொண்டு சிவப்பு அங்கிக்குள் புகுந்துவிட்டார். திருச்சபைக்காரரைத் தூக்கில் போட முடியாது. ஊரார் பாட்டுக் கட்டிச் சிரித்ததோடு சரி.

அந்தக் காலத்து மாலை நடையைப் பற்றியும் இரண்டு வார்த்தை. சாக்கடை கிடையாது. பொழுது சாய்ந்தால் சன்னல் திறக்கும். 'அகுவா வா!' என்று குரல் வரும். தண்ணி வருது என்று பொருள். வருவது தண்ணி அல்ல. குரலுக்கும் பொருளுக்கும் இடையே கிடைக்கும் நேரம் மூன்று நொடி. மேலங்கியும் அகலத் தொப்பியும் ஸ்பானிய வீரத்தின் அடையாளம் என்று ஓவியங்களில் பார்த்திருப்பீர்கள். எனக்கு அது குடையாகத்தான் தெரிகிறது. 18-ஆம் நூற்றாண்டில் மூன்றாம் கார்லோஸ் மன்னர் சாக்கடையும் விளக்கும் போட்டுத் தெருவைச் சுத்தம் செய்தபோது மாட்ரிட்காரர்கள் அதற்கும் முணுமுணுத்தார்கள். குளிப்பாட்டினால் அழும் குழந்தைகள் இவர்கள் என்று மன்னர் நொந்துகொண்டதாகச் சொல்வார்கள்.

எழுத்தாளர்கள் ஏன் இந்தத் தெருக்களில் வந்து விழுந்தார்கள்? நாடகக் கொட்டகை இங்கே இருந்தது, அதனால்தான். 1579-இல் கொரால் தே லா க்ரூஸ், 1583-இல் கொரால் தெல் பிரின்சிப்பே. கொரால் என்றால் வேறொன்றுமில்லை, வீடுகளுக்கு நடுவே இருக்கும் முற்றம். முற்றத்தின் ஒரு முனையில் மேடை, மேலே ஆகாயம். சுற்றியிருந்த வீட்டுச் சன்னல்களெல்லாம் பணக்காரர்களின் தனி இருக்கைகள் ஆயின. மேடைக்கு எதிரே பெண்களுக்கென்று ஒரு மாடம். அதன் பெயர் 'கசுவேலா', அதாவது குழம்புச்சட்டி. சட்டிக்குள் இன்னும் நாலு பேரைத் திணிப்பதற்கென்றே சம்பளத்துக்கு ஓர் ஆள் இருந்தார். அவர் பதவியின் பெயர் 'அமுக்குபவர்'. தரையில் நின்று பார்க்கும் ஆண்களுக்கு மஸ்கட் படைவீரர் என்று பட்டப்பெயர். விசில், கூச்சல், பிடிக்காவிட்டால் கையில் இருப்பது மேடைக்குப் பறக்கும். ஒரு நாடகம் ஓடுமா ஊற்றிக்கொள்ளுமா என்பதை முடிவு செய்தவர்கள் இந்தத் தரை டிக்கெட்டுகள்தான். நமக்குப் புதிதில்லை. இத்தனை கூத்தின் வரும்படியிலும் ஒரு பங்கு ஏழைகளின் மருத்துவமனைகளுக்குப் போனது என்பதால் பாதிரியார்களால் முழுமனதாகத் திட்டவும் முடியவில்லை.

கொட்டகைக்கு வெளியே லியோன் தெருவில் நடிகர்களும் கவிஞர்களும் கூடும் இடம் ஒன்று. நம் ஊர் டீக்கடைப் பெஞ்சு. யார் யாரோடு ஓடினார்கள், யார் நாடகத்தை யார் திருடினார்கள் எல்லாம் அங்கே விடியும். மக்கள் அதை 'மெந்திதேரோ' என்றார்கள். பொய்மடம். ஸ்பெயின் நாட்டின் அரச வரலாற்றுக் கழகம் இன்று எந்தத் தெருவில் இருக்கிறது தெரியுமா? அதே லியோன் தெருவில்.

இந்தப் பேட்டையின் முடிசூடா மன்னர் லோப்பே. இளவயதில் ஒரு நாடகக் கம்பெனி முதலாளியின் மகள்மேல் காதல். அவள் இவரைவிட வசதியான ஒருவரைப் பிடித்துக்கொண்டாள். லோப்பே மொத்தக் குடும்பத்தையும் நாறடித்துக் கவிதை எழுதிச் சுற்றுக்கு விட்டார். 1587 டிசம்பரில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தவரைக் கொட்டகைக்குள்ளேயே வந்து கைது செய்தார்கள். அரசவை இருக்கும் ஊரிலிருந்து 8 ஆண்டு, காஸ்தில் நாட்டிலிருந்தே 2 ஆண்டு விரட்டல். கவிதைக்கு இத்தனை மரியாதை இன்று எந்த அரசும் கொடுப்பதில்லை.

திரும்பி வந்து எழுதிக் குவித்தார். 1,800 நாடகம் என்பது அவருடைய சீடர் போட்ட கணக்கு. சீடர்கள் கணக்கைப் பாதியாக்கி, மறுபடியும் பாதியாக்கிக்கொள்வது நல்லது. அப்படிச் செய்தாலும் நானூற்றுச் சொச்சம் வரும். அதைவிடப் பெரிய சாதனை ஒன்றை 1610-இல் செய்தார். பிராங்கோஸ் தெருவில் 9,000 ரியாலுக்கு ஒரு வீடு வாங்கினார். எழுதிப் பிழைப்பவன் தலைநகரின் நடுவில் சொந்த வீடு வாங்கினான்! அடக்கமாக இருந்தாரா? வாசல் நிலைக்கு மேலே லத்தீனில் கல்வெட்டு வைத்தார். சாரம் இதுதான்: எலி வளையானாலும் தனி வளை. தெருவில் போகிற வாடகைக்காரக் கவிஞர்கள் எல்லோரும் தினமும் படித்து வயிறெரியட்டும் என்று.

அந்த வீட்டுக்குப் பின்னால் கையகலத் தோட்டம், ஓர் ஆரஞ்சு மரம். 1614-இல் லோப்பே பாதிரியாராகவும் ஆகிவிட்டார். ஆனபின் மார்த்தா தே நெவாரெஸ் என்ற, கணவன் உள்ள பெண்மேல் காதல் வந்தது. 1617-இல் பெண் குழந்தை பிறந்தது. கணவன் செத்தபோது அந்த மகிழ்ச்சியை ஒரு நாடகத்தின் முன்னுரையிலேயே மறைக்காமல் எழுதினார். காலையில் பூசை, மாலையில் நாடகம், இரவில் செஸ்ஸா பிரபு என்ற வள்ளலின் காதலிகளுக்குப் பிரபு பெயரில் கடிதம். இந்தக் கடிதத் தொழிலுக்காகப் பாவமன்னிப்பு மறுக்கப்பட்டதாக அவரே பிரபுவுக்கு எழுதிப் புலம்பினார். கோபம் பாவத்தின்மேல் இல்லை, இடைஞ்சலின்மேல். அவருடைய படுக்கை அறையிலிருந்து வீட்டுப் பூசை அறைக்குள் பார்க்க ஒரு சின்னச் சன்னல் உண்டு. எழுந்திருக்காமலே கடவுளைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனாலும் இந்த மனிதரை முழுசாக வெறுக்க முடியவில்லை. போக்கிடமில்லாத கோன்த்ரேராஸ் என்ற பழைய போர்வீரருக்கு எட்டு மாதத்துக்கு மேல் வீட்டில் இடம் கொடுத்துச் சோறும் துணியும் கொடுத்திருக்கிறார். மார்த்தாவுக்குக் கண் போய், பின் புத்தியும் பேதலித்தபோது 1632-இல் அவள் சாகும்வரை வைத்துப் பார்த்துக்கொண்டார். 1634-இல் அந்த மகளையே ஒருவன் கூட்டிக்கொண்டு ஓடினான். இத்தனை நாள் ஊரார் வீட்டில் நடத்திய நாடகம் சொந்த வீட்டில் அரங்கேறியது. மறுவருடம் லோப்பே போய்விட்டார்.

இப்போது வாடகைக்காரரிடம் வருவோம். மிகெல் தே செர்வாந்தெஸ். 1571-இல் லெபான்தோ கடற்போரில் இடது கை செயலிழந்து போனது. சில வருடம் கழித்து ஊர் திரும்பும் வழியில் கடற்கொள்ளையர் பிடித்து அல்ஜியர்ஸில் ஐந்து வருடம் அடிமை. 1580-இல் திரினித்தேரியன் துறவிகள் 500 தங்க எஸ்குதோ கொடுத்து மீட்டார்கள். பிறகு வரிவசூல் வேலை, கணக்கு உதைத்துச் சிறை. லெர்மாவின் தலைநகர மாற்றத்தில் இவரும் வய்யதோலித்துக்குப் போய்ச் சேர்ந்தார். 1605-இல் டான் கிஹோட்டே வெளிவந்து ஊரெல்லாம் சிரித்துக்கொண்டிருந்த அதே வருடம், இவர் வீட்டு வாசலில் யாரோ ஒரு கனவானைக் கத்தியால் குத்திவிட்டார்கள். காப்பாற்ற உள்ளே தூக்கிவந்ததற்குப் பரிசாக, சகோதரி, மகள், சகோதரியின் மகள் என்று வீட்டோடு சேர்த்து உள்ளே வைத்தார்கள். சில நாளில் விட்டார்கள். ஐரோப்பாவின் முதல் நவீன நாவலாசிரியருக்குக் கிடைத்த வெளியீட்டு விழா அது.

லோப்பேக்கு இவரைக் கண்டால் ஆகாது. புத்தகம் அச்சாகி வருவதற்கு முன்பே, 1604-இல், ஒரு கடிதத்தில் முடிவைச் சொல்லிவிட்டார். புதிதாகக் கிளம்பும் கவிஞர்களில் செர்வாந்தெஸ் அளவுக்கு மோசமானவன் இல்லை, டான் கிஹோட்டேயைப் புகழும் அளவுக்கு முட்டாளும் இல்லை என்று. படிக்காமல் விமர்சனம் எழுதும் கலை நம் காலத்தில் தோன்றியது என்று இனி யாரும் பெருமைப்பட வேண்டாம்.

செர்வாந்தெஸும் லேசுப்பட்டவர் அல்ல. ஆனால் அவர் திட்டும் விதம் வேறு. வய்யதோலித்தில் இருந்தபோது தபால் ஒன்று வந்ததாம். வாங்குபவர் கூலி கொடுக்கவேண்டிய தபால். சகோதரி மகள் ஒரு ரியால் கொடுத்து வாங்கிவிட்டாள். பிரித்தால் உள்ளே டான் கிஹோட்டேயைத் திட்டி ஒரு சோகை பிடித்த கவிதை. பின்னாளில் இதை அச்சில் எழுதும்போது, தனக்குத் திட்டு வருத்தமில்லை, போன ரியால்தான் வருத்தம் என்கிறார். அதே எழுத்தில் கவிதைக் கடவுளான அப்போலோ தனக்குக் கடிதம் போட்டதாகக் கற்பனை செய்து, உறைமேல் முகவரியும் கொடுக்கிறார்: உவெர்த்தாஸ் தெரு, மொராக்கோ இளவரசர் முன்பு குடியிருந்த வீட்டுக்கு எதிரே. அறுபத்தேழு வயதில் உலகப்புகழ் பெற்ற எழுத்தாளரை எதிர்வீட்டு அடையாளம் சொல்லித்தான் தேடவேண்டி இருந்தது.

ஒரே பேட்டையில் இருந்தால் எதிரியும் எதிரே வரத்தான் செய்வான். 1612-இல் ஓர் இலக்கியக் கூட்டத்தில் லோப்பே கவிதை வாசிக்கவேண்டும், கண்ணாடி இல்லை. செர்வாந்தெஸ் தன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார். லோப்பே போட்டுக்கொண்டு வாசித்தார். வீட்டுக்கு வந்து செஸ்ஸா பிரபுவுக்கு எழுதினார், அந்தக் கண்ணாடி சரியாகப் பொரிக்காத முட்டை மாதிரி இருந்தது என்று. இலக்கிய வரலாற்றில் இரவல் வாங்கி நன்றி சொன்ன சம்பவங்களில் இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

கெவெதோ, கோங்கோரா கதை இதைவிட நேரடியானது. கோங்கோரா கடினநடைக் கவிஞர், மூக்கு பெரிது, சீட்டாட்டம் அதைவிடப் பெரிது, கடன் எல்லாவற்றையும்விடப் பெரிது. நீஞ்ஞோ தெருவில் வாடகைக்கு இருந்தார். கெவெதோவுக்கும் அவருக்கும் இருபது வருடப் பகை. ஒருவரை ஒருவர் கவிதையில் வைதுகொண்டே இருந்தார்கள். கவிதை போதவில்லை. கெவெதோ என்ன செய்தார் என்றால், அந்த வீட்டையே விலைக்கு வாங்கி, 1625 வாக்கில் கோங்கோராவை வெளியேற்றினார். பேட்டையில் இன்றும் சொல்லும் கதை இது. பின்பு வீட்டில் கோங்கோரா வாடை போகவேண்டும் என்று கார்சிலாஸோ என்ற நல்ல கவிஞரின் பாக்களைச் சாம்பிராணி போல் கொளுத்தியதாகக் கெவெதோ பெயரில் ஒரு கவிதையும் இருக்கிறது. 'கோங்கோரா நீக்கம் செய்தல்' என்பதற்கென்றே அதில் ஒரு வினைச்சொல்லைப் புதிதாகக் கட்டியிருக்கிறார். கோங்கோரா ஊருக்குத் திரும்பி 1627-இல் காலமானார். எதிரியின் வீட்டுச் சொந்தக்காரன் ஆவதைவிடக் கூர்மையான இலக்கிய விமர்சனத்தை நான் கேள்விப்பட்டதில்லை.

செர்வாந்தெஸ் 1616 ஏப்ரல் 22 அன்று லியோன் தெருவும் பிராங்கோஸ் தெருவும் சந்திக்கும் முனையில், வாடகை வீட்டில், இறந்தார். ஷேக்ஸ்பியரும் அவரும் ஒரே நாளில் போனார்கள் என்பது இரண்டு நாட்டுக் காலண்டர்களையும் குழப்பிக்கொண்டவர்கள் கட்டிய மாலை. முப்பத்தாறு வருடங்களுக்கு முன் தன்னை மீட்ட திரினித்தேரியன் சபையின் கன்னிமடத்திலேயே அடக்கமானார். 500 எஸ்குதோவுக்கு உடம்பையே கொடுத்துக் கணக்கை முடித்தார் என்றும் சொல்லலாம். 1621-இல் அந்த மடத்திலேயே ஒரு பதினாறு வயதுப் பெண் துறவியாகச் சேர்ந்தாள். பெயர் மார்செலா. லோப்பேயின் இன்னொரு மகள். 1687 வரை, அறுபத்தைந்து வருடத்துக்கு மேல், அப்பாவின் எதிரி கிடக்கும் மடத்தில் செபம் சொல்லி வாழ்ந்தாள். அவளும் கவிஞர். 1635-இல் லோப்பேயின் சவ ஊர்வலம் வழியை மாற்றிக்கொண்டு மடத்தின் வாசல் வழியே போனது, உள்ளே அடைபட்ட மகள் கம்பி வழியே ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும் என்று. இந்த இடத்தில் மட்டும் கிண்டல் வரமாட்டேன் என்கிறது.

லோப்பேயை சான் செபஸ்தியான் கோயிலில் வைத்தார்கள். கல்லறைக்குப் பணம் கட்டுவதாகச் சொன்ன செஸ்ஸா பிரபு கட்டவில்லையாம். எலும்புகள் பொதுக்குழிக்குப் போயின. சொந்த வீட்டுக்காரர் செத்தபின் வாடகை பாக்கியில் காலி செய்யப்பட்டார்.

1833-இல் செர்வாந்தெஸ் இறந்த வீட்டை அதன் அன்றைய உரிமையாளர் இடிக்கத் தொடங்கினார். மெசோனேரோ ரொமானோஸ் என்ற எழுத்தாளர் பத்திரிகையில் கூக்குரல் இட்டார். அரசாங்கம் வீட்டை விலைக்குக் கேட்டது. உரிமையாளர் மறுத்தார். அந்த வீட்டில் டான் கிஹோட்டே வாழ்ந்தார் என்று தமக்கும் தெரியும், தாமும் அவருடைய பெரிய ரசிகர் என்று காரணம் சொன்னாராம். அப்படி ஒரு ரசிகர் இடிக்கத்தான் செய்வார். வீடு போனது. பரிகாரமாகப் பிராங்கோஸ் தெருவுக்குச் செர்வாந்தெஸ் பெயரை வைத்தார்கள். அந்தத் தெருவில்தான் லோப்பே வீடு இருக்கிறது என்பதை யாரும் யோசிக்கவில்லை. பின்னால் லோப்பேக்கும் ஒரு தெரு வேண்டுமே என்று தவளைப்பாட்டுத் தெருவை லோப்பே தே வேகா தெரு ஆக்கினார்கள். அங்கேதான் செர்வாந்தெஸ் புதைந்திருக்கும் மடம் இருக்கிறது. இன்றைய கெவெதோ தெருவில்தான் கோங்கோரா குடியிருந்தார் என்பதை இந்நேரம் நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

2014-இல் மடத்தின் அடியில் செர்வாந்தெஸைத் தேடத் தொடங்கினார்கள். ராடார், அகச்சிவப்புக் கேமரா எல்லாம் வந்தன. அடுத்த ஜனவரியில் 'எம்.சி.' என்று ஆணியால் எழுதிய பெட்டிப் பலகை கிடைத்து உலகமே துள்ளியது. பெட்டி அவருடையது அல்ல. மார்ச்சில், வேறு பலருடைய எலும்புகளோடு கலந்த சில துண்டுகள் அவருடையதாக இருக்கலாம் என்று அறிவித்தார்கள். நானூறு வருடம் கழித்தும் தனி இடம் அமையவில்லை, கூட்டுக் குடித்தனம்தான். ஜூனில் நினைவுக்கல் நட்டார்கள். அதில் அவருடைய கடைசி நாவலிலிருந்து சில வரிகள். கீழே நாவலின் பெயர். 'சிகிஸ்முந்தா' என்று இருக்கவேண்டியதை 'செகிஸ்முந்தா' என்று பிழையாகச் செதுக்கியிருந்தார்கள்.

இன்று உவெர்த்தாஸ் தெருவில் இவர்கள் எல்லோருடைய வரிகளையும் பொன்னிற எழுத்தில் தரையில் பதித்திருக்கிறார்கள். இரவு மதுக்கடையிலிருந்து வருகிறவர்கள் அதன்மேல் நடந்து போகிறார்கள். போவது சத்தமில்லாமல் அல்ல.

லோப்பே வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. ஆரஞ்சு மரத்தோடு தோட்டத்தையும் பழையபடி அமைத்திருக்கிறார்கள். முன்பதிவு செய்யவேண்டும், கட்டணம் இல்லை. வழி கேட்டால் இந்த முகவரியைச் சொல்லுங்கள்: செர்வாந்தெஸ் தெரு, எண் 11.